கன்னியம்மா பேசாத ஆங்கிலம்

இலக்கியம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால், இவர் எதற்காக இதைக் கேட்கிறார் என்றுதான் முதலில் யோசிப்பேன். பாதிப் பேர் பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை. பெண்ணை வேறு படிப்பில் சேர்த்தாயிற்று, செய்தது சரி என்று என் வாயால் கேட்டுவிட்டுப் போக வருகிறார்கள்.

போன மாதம் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் மொழிப் பிரிவு மாணவிகளுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: இலக்கியம் படித்தால் எட்டும் இருபது வேலைகள். இருபதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தன. நான் பார்த்த வேலை அந்த இருபதில் இல்லை. பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "மேடம், நீங்க படிச்ச இலக்கியம் உங்க வேலைக்கு உதவிச்சா?" என்றாள். "ரொம்ப உதவியது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கை தட்டினார்கள். அது பாதி உண்மை. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் செங்கல்பட்டுக்காரி. அப்பா கல்பாக்கத்தில் வேலை பார்த்தார். தம்பி என்ஜினீயரிங். நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம், பிறகு தபாலில் எம்.ஏ. தமிழ். இரண்டு பட்டங்களையும் வைத்துக்கொண்டு மூன்று வருடம் வீட்டில் இருந்தேன். டைப்ரைட்டிங் இரண்டு மொழியிலும் ஹையர் முடித்தேன். எழுதாத தேர்வு இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோர்ட்டுக்கு எதிரே ஒரு மாடியில், 'தமிழும் ஆங்கிலமும் நன்கறிந்த பட்டதாரி தேவை' என்று கையால் எழுதிய அட்டை தொங்கியது. ஏறிப் போனேன். அடுத்த பதினேழு வருடம் அந்த மாடிப்படியை ஏறி இறங்கினேன்.

அது ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம். வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போகும்போது தமிழில் இருக்கும் பத்திரம், சாட்சியம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். வக்கீல்கள் எங்களிடம் தருவார்கள். நாங்கள் மொழிபெயர்த்து, 'அசலுக்குச் சரியான மொழிபெயர்ப்பு' என்று கடைசிப் பக்கத்தில் சீல் வைத்துக் கொடுப்போம். சீல் முதலாளி சம்பந்தம் சாருடையது. கோர்ட்டின் நகல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தச் சீலை ஸ்டீல் பீரோவில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் ஊக்கால் குத்தி வைத்திருப்பார். டீ குடிக்கப் போகும்போதுகூட பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார்.

எங்கள் அறையின் குறுக்கே மார்பளவு உயரத்தில் ஒரு அரைக் கதவு. கட்சிக்காரர்களும் குமாஸ்தாக்களும் அதற்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். எந்தக் காகிதத்தை யார் மொழிபெயர்க்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வீட்டுக்கு வாழைத்தார் வரும் என்பார் சார். வந்த காகிதத்தை விரலை ஈரப் பஞ்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணுவார். நான் சேர்ந்த புதிதில் இரண்டு மாதம், நான் எடுத்துப் போன பென்சிலைக்கூட மாலையில் திரும்பி வந்ததா என்று பார்த்தார். எனக்குக் கோபமாக வரும். ஆனால் அந்த மனுஷர் தன்னையும் நம்பவில்லை. தான் எழுதியதை நூர்ஜஹானிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வார்.

நூர்ஜஹான் என்னோடு வேலை பார்த்தவள். பி.ஏ. வரலாறு. சிரிப்புக்காரி. வேலை கிடைக்காமல் வந்தவள் என்பதால் எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

எங்கள் வேலையில் உயிர்நாடி 'ஒப்பு' பார்ப்பது. மொழிபெயர்த்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இன்னொருவர் ஆங்கிலத்தைப் பார்த்து, அதைத் தமிழாக்கி உரக்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆள் தமிழ் அசலின் மேல் ஸ்கேலை வைத்து வரி வரியாக நகர்த்திக்கொண்டே வருவார். சர்வே எண், எல்லை, பெயர், தேதி, உறவு. ஒன்று விட்டுப்போனாலும் ஸ்கேல் நின்றுவிடும். முடிந்ததும் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒப்பு பார்த்தவர் இருவரும் சுருக்கொப்பம் போட வேண்டும். அதன் பிறகுதான் சாவி ஊக்கிலிருந்து கழலும்.

படித்த இலக்கியம் எனக்குக் கை கொடுத்தது ஒரு உயிலில். நெம்மேலிப் பக்கம் ஒரு விவசாயி படுக்கையில் கிடந்து சொல்லச் சொல்ல எழுதியதாக ஒரு உயில் வந்தது. மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவளுக்கு உறுத்தியது. பத்திர எழுத்தர் வழக்கமாக எழுதுவது ஒரு குரல். அது போகட்டும். ஆனால் 'என் மூத்த மகன் என்னைக் கவனிக்கவில்லை' என்று கிழவர் மனம் நொந்து பேசும் இடத்திலும் அதே எழுத்தர் பேசினார். ஒரு இடத்தில்கூட அந்தக் கிழவர் வாயைத் திறக்கவில்லை. "இது அவர் சொன்னதில்ல சார்" என்றேன். சார் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "சந்தேகம் இருந்தா மனசுல வெச்சுக்கோம்மா. பேப்பர்ல வெக்காத. நமக்குக் கொடுத்த வேலை அது இல்ல."

அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தோம். ஒரு வருடம் கழித்து அந்த உயில் பொய் என்று தீர்ப்பானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. யார் உண்மையாகப் பேசுகிறார், யார் பேசவில்லை என்பதைக் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்தேன். அன்றிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் இது யாருடைய வேலை என்றுதான் பார்த்தேன். குமாஸ்தா சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்ப்பேன். சார் சொன்ன பாதியை எடுத்துக்கொண்டேன், பேப்பரில் வைக்காதே என்ற மறுபாதியை விட்டுவிட்டேன்.

கன்னியம்மாவின் வழக்குக் கட்டு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். கடற்கரைச் சாலையில் நிலத்தின் மதிப்பு ஏறத் தொடங்கியிருந்த காலம். கன்னியம்மா திருவிடந்தைப் பக்கம் மீன் விற்கும் கைம்பெண். புருஷன் கட்டிய ஓட்டு வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். அந்த வீட்டையும் மனையையும் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுத்ததாக அவள் கைநாட்டோடு ஒரு பத்திரம் முளைத்தது. கொழுந்தன் அதை வைத்துக்கொண்டு, அங்கே விடுதி கட்ட வந்தவர்களிடம் பேரம் முடித்திருந்தான். கீழ்க் கோர்ட்டில் கன்னியம்மா ஜெயித்தாள். கொழுந்தன் சென்னைக்கு மேல்முறையீடு போனான். கட்டு எங்களிடம் வந்தது கொழுந்தனின் வக்கீலிடமிருந்து.

சாதாரணமாகச் சாட்சி சொல்வதை நீதிபதி சுருக்கிச் சொல்லுவார், டைப்பிஸ்ட் அடிப்பார். இந்த வழக்கில் பத்திரம் பற்றிய பகுதியை மட்டும், கீழ்க் கோர்ட்டு நீதிபதி கேள்வியும் பதிலுமாக, அவள் வாயில் வந்தபடியே பதிய வைத்திருந்தார். பதினோரு பக்கம். ஒரு துண்டு இப்படி இருந்தது:

"அன்னிக்கு கோவளத்துல மீனு வித்துகினு இருந்தேன். இல்ல, கோவளம் அதுக்கு மொத நாளு. அன்னிக்கு கேளம்பாக்கம். பெரியவனுக்கு ஜொரம். ஜொரம்னு தெரியாமத்தான் போனேன். கைநாட்டு வெச்சேன். வெக்கலன்னு சொல்லல. ரேஷன் காடு மாத்தணும்னான். கொழுந்தன்தான் சொன்னான். வெச்சேன். வூடுன்னு சொல்லல. வூடுன்னு சொன்னா வெப்பனா? நீ வெப்பியா?"

கடைசிக் கேள்வி எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்து அவள் கேட்டது.

கட்டு வந்த மறுநாள் கொழுந்தன் வக்கீலின் குமாஸ்தா முனுசாமி அரைக் கதவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். "அந்த மீன்காரம்மா பேசுனது கீது பாருங்க, அத ஒண்ணும் வுட்றாதீங்கன்னாரு வக்கீலு. அது ஒளறுனது, முன்ன பின்ன சொன்னது, எல்லாம் அப்டியே வரணுமாம்."

எனக்கு உள்ளே மணி அடித்தது. ஏன் இவ்வளவு அக்கறை? அவள் உளறினாள் என்று ஆங்கிலத்தில் காட்ட வேண்டும், அவ்வளவுதானே? மேல் கோர்ட்டு நீதிபதி வெளி மாநிலத்துக்காரர், தமிழ் படிக்க வராது என்றும் முனுசாமியே சொன்னான். ஒருநாள் கோவளம், உடனே கேளம்பாக்கம் என்றால் அவர் என்ன நினைப்பார்? பொய்க்காரி என்றுதானே? அவனுடைய சூழ்ச்சியை முளையிலேயே கிள்ளிவிட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் ஆறு தடவை சொன்னதை ஒரே தடவையாக்கினேன். முன்னும் பின்னுமாக இருந்ததை நாள் வரிசைப்படி அடுக்கினேன். கோவளம் என்று சொல்லித் திருத்திக்கொண்ட இடத்தில் நேராகக் கேளம்பாக்கத்துக்குப் போனேன். 'வூடு போச்சின்னா இன்னா செய்வேன்' என்று அவள் சொன்னது, என் கையில், தன் வாழ்நாளுக்கு நிழல் தந்த கூரையைப் பற்றிய ஒரு வாக்கியமானது. 'நீ வெப்பியா?' என்பது வக்கீலை அவமதிப்பதாகப் படுமோ என்று விட்டுவிட்டேன். ஒரு மத்தியானத்தில் பதினோரு பக்கமும் ஏழாகிவிட்டது. படித்துப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கே கண் கலங்கியது.

அந்த வாரம் சார் கண்புரை அறுவை செய்துகொண்டு வீட்டில் இருந்தார். ஒப்பு பார்க்க நூர்ஜஹானும் நானும்தான். ஆங்கிலத்தை அவள் படித்தாள். அசலின் மேல் ஸ்கேலை நான் வைத்திருந்தேன். மொழிபெயர்த்தவளே ஸ்கேலைப் பிடிக்கலாமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பெயர் சரி, ஊர் சரி, பத்திரத்தின் தேதி சரி. "எவ்ளோ அழகா எழுதியிருக்கடி கோமு" என்றாள். சுருக்கொப்பம் போட்டோம். சார் ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு வந்து, எங்கள் சுருக்கொப்பத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சீல் வைத்தார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலை. அரைக் கதவுக்கு வெளியே கன்னியம்மாவின் வக்கீலிடம் ஜூனியராக இருந்த ரவி என்ற பையனும், அவனுக்குப் பின்னால் கறுத்து உயர்ந்த ஒரு பெண்ணும் நின்றார்கள். காகிதத்தில் மட்டும் தெரிந்த கன்னியம்மாவை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ரவி சொன்னது இதுதான். சென்னையில் வழக்கு விசாரணைக்கு வந்தது. கொழுந்தன் தரப்பில் பெரிய வக்கீல் எழுந்து எங்கள் ஆங்கிலத்தை வரி வரியாகப் படித்தார். கைநாட்டு வைக்கும் மீன்காரி, இப்படிக் கோர்வையாக, தேதி வரிசைப்படி, கூரை நிழல் என்றெல்லாம் பேசுவாளா? யாரோ எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். கீழ்க் கோர்ட்டு ஏமாந்துவிட்டது என்று வாதாடினார். நீதிபதி தலையசைத்திருக்கிறார். வழக்கு இரண்டு வாரம் தள்ளிப் போயிருந்தது.

"ரவி தம்பி எனக்குத் தமிழ்ல சொல்லிக் காமிச்சாரு" என்றாள் கன்னியம்மா. "இன்னா சார் இது? நா இந்த மாரி பேசவே இல்லியே. இது யாரோ படிச்ச பொம்பள. அவ பேசுனதுக்கு எங் வூடு போவுதா?"

அவளை உளறல்காரி ஆக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்து நான் செய்தது, அவளைப் பொய்க்காரி ஆக்கியிருந்தது. முனுசாமி கேட்டது முறையான வேலையை மட்டும்தான். அவனுக்குள் சூழ்ச்சி இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அன்று அவன் சொன்னபடி செய்திருந்தால் அந்த வீட்டுக்கு ஆபத்து வந்திருக்காது.

சார் பீரோவைத் திறந்தார். அலுவலக நகலை எடுத்தார். அசலின் நகலையும் எடுத்தார். ஸ்கேலை வைத்து, தானே ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் பதிலிலேயே ஸ்கேல் நின்றது. மூன்று வரி கீழே போய்த் தேடியது. திரும்ப மேலே வந்தது. ஒரு பக்கம் முடிவதற்குள் பத்து இடம். அவ்வளவு நேரமும் கன்னியம்மா அரைக் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்கேலையே பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அவர்களை அனுப்பிவிட்டு சார் என்னைக் கூப்பிட்டார். "யாரு வந்து பாத்தாங்க உன்ன?"

"யாரும் பாக்கல சார்."

"முனுசாமி?"

"அவன் எல்லாத்தையும் அப்படியே போடச் சொன்னான் சார். அதுக்கு மாறாத்தான் நான் எழுதினேன்."

நம்பவில்லை. நூர்ஜஹானைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். என் மேசை இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். டிபன் பாக்ஸும் ஒரு வார இதழும் இருந்தன. பிறகு நாற்காலியில் சாய்ந்து, "இப்ப ரெண்டு வழி இருக்கு. தேதி சரி, பேரு சரி, சாரம் சரின்னு நாம சாதிக்கலாம். யாரும் நம்மள ஒண்ணும் பண்ண முடியாது. இல்லன்னா தப்புன்னு நீ பிரமாணப் பத்திரம் எழுதிக் குடுக்கணும். அப்பறம் இந்தச் சீலுக்கு மரியாத இல்ல. நாளைக்குச் சொல்றேன்" என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் முதல் வழியைத்தான் எடுப்பார் என்று நிச்சயமாக நினைத்தேன். நான் யாரையுமே நல்லவிதமாக நினைக்காத காலம் அது. மறுநாள் காலை என் மேசையில் முத்திரைத்தாள் இருந்தது. பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்திருந்தார்.

எழுதினேன். மொழிபெயர்ப்பு என்னுடையது, சாட்சி சொல்லாத ஒழுங்கை நான் சேர்த்தேன், சொன்ன சொற்களை விட்டேன், ஒப்பு பார்க்கும் முறையையும் மீறினேன். யாருடைய தூண்டுதலும் இல்லை என்று எழுதும்போது, இதை யார் நம்புவார் என்று தோன்றியது.

பிறகு அந்தப் பதினோரு பக்கத்தை மறுபடியும் மொழிபெயர்த்தேன். முதல் தடவை ஒரு மத்தியானத்தில் முடிந்தது, இந்தத் தடவை நான்கு நாள் ஆயிற்று. அவள் சொன்னதையே சொன்ன இடத்தில் நானும் சொன்னதையே சொன்னேன். கோவளம் என்று எழுதி, இல்லை என்று எழுதி, கேளம்பாக்கம் என்று எழுதினேன். அவள் பதில் பாதியில் நின்ற இடத்தில் என் வாக்கியமும் பாதியில் நின்றது. முடிக்கச் சொல்லி என் கை பரபரத்தது. அழகாக எழுதக் கற்றுக்கொண்ட கையை அடக்குவது அத்தனை எளிதாக இல்லை. படித்த படிப்புக்கெல்லாம் நான் நிஜமாக உழைத்தது அந்த நான்கு நாள்தான் என்று சொல்வேன். இந்த முறை சார் ஸ்கேலைப் பிடித்தார். 'நீ வெப்பியா?' வந்த இடத்தில் ஸ்கேலை நிறுத்தி, நூர்ஜஹானை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

சென்னையில் எதிர்த்தரப்பு சும்மா விடவில்லை. ஒரு தடவை மாற்றி எழுதியவள் இரண்டாம் தடவை எழுதியதை எப்படி நம்புவது என்று கேட்டார்களாம். நியாயமான கேள்வி, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். நீதிபதி இரண்டையும் அசலோடு கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பினார். இரண்டாவதுதான் சரி என்று வந்தது. நீதிபதி அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு, 'நீ வெப்பியா?' வந்த இடத்தில் நிமிர்ந்து பெரிய வக்கீலைப் பார்த்தாராம். ரவி வந்து நடித்தே காட்டினான். மேல்முறையீடு தள்ளுபடியானது. கன்னியம்மாவுக்கு வீடு நின்றது.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வருடம் கட்டு வரவே இல்லை. நூர்ஜஹான் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் விசாவுக்காகப் பிறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அதில் பிழைத்தோம். சார் கடைசிவரை என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. இழுப்பறையைப் பார்ப்பதையும் விடவில்லை.

தீர்ப்பு வந்து இரண்டு வருடம் இருக்கும். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். கன்னியம்மா காலிக் கூடையோடு வந்தாள். நானே போய்ப் பேசினேன்.

"என்னத் தெரியுதாம்மா?"

"தெரியாம இன்னா? செங்கல்பட்டு எழுத்துக்காரம்மா."

"பசங்க நல்லா இருக்காங்களா?"

"கீறாங்க. பெரியவன் மீன் புடிக்கப் போட்டுக்குப் போறான்." கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்கக் கூடாது."

"கேளுங்க."

"மொதல்ல எழுதுனியே, அந்த மாரி எழுதச் சொன்னது எங் கொழுந்தனா, அவன் வக்கீலா?"

"யாரும் சொல்லலம்மா. நானாத்தான் எழுதினேன். உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சு எழுதிட்டேன்."

என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். கோபம் இல்லை. அவசரமும் இல்லை. "சரி வுடு" என்றாள். "இனிமே சொன்னா இன்னா ஆவப் போவுது? கேஸுதான் முடிஞ்சி போச்சே. சொல்லக் கூடாதுன்னா சொல்லாத."

வலித்தது. எத்தனையோ பேர் உண்மையைச் சொன்னபோது நான் இப்படித்தான் நம்பாமலே 'சரி' என்று சொல்லியிருக்கிறேன். சத்தியம் செய்யலாமா என்றுகூட நினைத்தேன். சத்தியம் செய்பவர்களை நான் நம்பியதே இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

பஸ் வந்தது. முன்னாலேயே எனக்கு இடம் கிடைத்தது, பக்கத்தில் இன்னொரு இடமும் காலியாக இருந்தது. "இங்க வாங்க" என்று கூப்பிட்டேன். கன்னியம்மா கேட்காதவள் போலக் கடந்து கடைசி வரிசைக்குப் போய், கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மீன் கூடைக்காரர்களைக் கண்டக்டர்கள் பின்னால்தான் உட்காரச் சொல்வார்கள். அதனால்தான் போயிருப்பாள் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்று அந்தக் கண்டக்டர் ஒன்றுமே சொல்லவில்லை.